பெரிய பிக்கப் வண்டி, கார் மாதிரி சொகுசா ஓடுமா? 'டண்ட்ரா' மாறிய கதை

ஹைலக்ஸ் பின்சீட்டில் உட்கார்ந்து தோட்டத்துச் செம்மண் சாலையில் போயிருக்கிறீர்களா? ஒவ்வொரு குழிக்கும் உடம்பு ஒருமுறை எகிறும். "சுமை ஏத்துற வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர் சொல்வதில் உண்மை உண்டு. அதிகம் சுமக்க வேண்டிய வண்டியின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். விறைப்பாக இருந்தால் பயணம் குலுங்கும். பல ஆண்டுகளாக இது மாற்ற முடியாத விதி என்றே பலரும் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் விற்கப்படும் பெரிய பிக்கப் வண்டிகள் அந்த விதியை மாற்றப் பார்க்கின்றன. எப்படி? எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது? அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது? 2022ஆம் ஆண்டு மாடலாக முழுக்க முழுக்கப் புதிதாக வடிவமைக்கப்பட்ட டொயோட்டா டண்ட்ராவை வைத்துப் பார்ப்போம்.

முதலில், எவ்வளவு பெரிசு?

நம் வட்டாரத்தில் 'பிக்கப்' என்றால் ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், டி-மேக்ஸ், நவாரா. அமெரிக்கர்களுக்கு இவையெல்லாம் நடுத்தர அளவு. 'முழு அளவு' என்று அவர்கள் சொல்வது ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, ஷெவர்லே சில்வராடோ, டண்ட்ரா போன்றவற்றை.

நான்கு கதவு கொண்ட டண்ட்ராவின் நீளம் சுமார் 5.9 மீட்டர். அகலம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். சிங்கப்பூரில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கான குறைந்தபட்ச அளவு 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். அதாவது வண்டியின் மூக்கோ வாலோ ஒரு மீட்டருக்கும் மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வண்டியில் இடிக்காமல் கதவைத் திறந்து இறங்குவதும் ஒரு வித்தைதான்!

அமெரிக்காவில் இது விநோதமான வண்டி இல்லை. ஃபோர்டு எஃப்-வரிசை 40 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு ஆக அதிகம் விற்பனையாகும் வாகனங்களில் ஒன்று. வேலைக்கு, பள்ளிக்கு, சந்தைக்கு, வார இறுதியில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்கு என எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி. அதனால்தான் அங்கே வாங்குபவர்கள் இரண்டையும் கேட்கிறார்கள்: லாரியின் பலமும் வேண்டும், காரின் சொகுசும் வேண்டும்.

ஏன் டண்ட்ராவை எடுத்துக்கொண்டோம்?

இதற்கு முந்தைய டண்ட்ரா 2007ஆம் ஆண்டு மாடலாக வந்தது. ஒரே தலைமுறை வண்டி ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஓடியது. நடுவில் முகம் மாறியது, உள்ளே கொஞ்சம் மாறியது. அடிப்படை அப்படியே இருந்தது. போட்டியாளர்கள் முன்னேறிக்கொண்டே போனார்கள்.

ஆகவே 2022 மாடலில் டொயோட்டா பழையதைத் திருத்தவில்லை. சேஸி, எஞ்சின், கியர்பெட்டி, பின்பக்க சஸ்பென்ஷன், சரக்குத் தட்டு எல்லாமே புதிது. புதிய லேண்ட் குரூசரும் இதே அடிப்படைச் சேஸி வகையைத்தான் பயன்படுத்துகிறது. வண்டி தயாராவது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ நகரில்.

பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் எது மாறியது, ஏன் மாறியது என்று தெளிவாகப் பார்க்கலாம்.

பட்டை ஸ்பிரிங் போச்சு, சுருள் ஸ்பிரிங் வந்தாச்சு

சொகுசுக்கான ஆகப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. பின்சக்கரங்களுக்கு மேலே.

ஹைலக்ஸ் போன்ற வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், வில் போல வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருப்பதைக் காணலாம். அதுதான் லீஃப் ஸ்பிரிங், பட்டை ஸ்பிரிங். மாட்டு வண்டி, குதிரை வண்டி காலத்து யோசனை அது. மலிவு, உறுதி, எளிதில் கெடாது. இன்னொரு சிறப்பும் உண்டு. சுமையைத் தாங்குவதோடு, பின் அச்சு முன்னே பின்னே நகராமல் பிடித்து வைப்பதும் அதே பட்டைகள்தான். ஒரே பொருள், இரண்டு வேலை.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. முழுச் சுமையையும் தாங்கும்படி விறைப்பாகச் செய்த பட்டைகள், தட்டு காலியாக இருக்கும்போது வளைய மறுக்கின்றன. பட்டைகளுக்கு இடையே உராய்வும் உண்டு. அதனால் சின்னச் சின்ன அதிர்வுகளைக்கூட அவை அப்படியே உள்ளே அனுப்புகின்றன. பெரும்பாலான நாள்களில் பிக்கப் வண்டியின் தட்டு காலியாகத்தானே இருக்கிறது? அதனால்தான் அந்தக் குலுக்கல்.

புதிய டண்ட்ரா பட்டைகளை நீக்கிவிட்டு, சுருள் ஸ்பிரிங்கைப் பொருத்தியது. சுருள் ஸ்பிரிங்குக்கு ஒரே வேலைதான்: சுமையைத் தாங்குவது. அச்சைப் பிடித்து வைக்கத் தனித்தனி இரும்புக் கைகள் இருக்கின்றன. வேலையைப் பிரித்துக் கொடுத்ததால், ஸ்பிரிங்கை மென்மையாக வைக்கலாம். அச்சும் தடுமாறாது.

ஷாக் அப்சார்பர்களையும் சேஸியின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு நகர்த்தினார்கள். இரண்டுக்கும் இடையே தூரம் கூடினால் வளைவில் வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்துவது எளிது. கால்களை அகட்டி நின்றால் ஓடும் ரயிலில் தள்ளாடாமல் நிற்க முடிகிறது இல்லையா, அதே மாதிரி.

இந்த யோசனையைப் பெரிய பிக்கப் வண்டிகளில் பரவலாக்கியது டொயோட்டா இல்லை. ராம் 1500 வண்டி 2009 மாடலிலேயே பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. டண்ட்ரா தாமதமாக வந்து சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மென்மையான ஸ்பிரிங்னா, சுமை ஏத்தும்போது பின்பக்கம் தொங்காதா?

நல்ல கேள்வி. தொங்கும். பின்பக்கம் இறங்கினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். முன்சக்கரங்களின் பிடி குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும். இரவில் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இதற்காக டண்ட்ராவின் விலை உயர்ந்த ரகங்களில் பின்பக்கத்துக்குக் காற்று சஸ்பென்ஷன் கிடைக்கிறது. சுமை ஏறியதும் காற்றை நிரப்பி, வண்டியைத் தானாகவே மட்டத்துக்குக் கொண்டுவரும். சரக்கு ஏற்ற வசதியாகப் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தவும் செய்யலாம். சாலைக்கேற்ப நொடிக்கு நொடி விறைப்பை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்களும் தனியாக உண்டு.

ஆனால் கவனியுங்கள். மட்டமாக நிற்கிறது என்பதற்காக வண்டியின் சுமைத் திறன் கூடிவிடாது. அச்சு, டயர், பிரேக் எல்லாம் அதேதான். இந்த விஷயத்துக்குப் பிறகு திரும்பி வருவோம்.

வி-8 எஞ்சின் எங்கே போச்சு?

அமெரிக்க பிக்கப் ரசிகர்களை ஆக அதிகம் பேச வைத்த மாற்றம் இதுதான். பழைய டண்ட்ராவில் 5.7 லிட்டர் வி-8 எஞ்சின். எட்டு சிலிண்டர், அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். புதியதில் அது இல்லை. 3.4 லிட்டர் வி-6 எஞ்சின், இரண்டு டர்போ.

சின்ன எஞ்சின் எப்படிப் பெரிய வேலையைச் செய்யும்? எண்களைப் பாருங்கள்:

- பழைய வி-8: 381 குதிரைத்திறன், சுமார் 544 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை
- புதிய வி-6 டர்போ: 389 குதிரைத்திறன், சுமார் 649 நியூட்டன் மீட்டர்
- அதே வி-6, ஹைப்ரிட் வடிவில்: 437 குதிரைத்திறன், சுமார் 790 நியூட்டன் மீட்டர்

(ஆகக் குறைந்த விலை ரகத்தில் புதிய எஞ்சினின் சக்தியைக் கொஞ்சம் குறைத்தே தருகிறார்கள்.)

குதிரைத்திறன் பெரிதாக மாறவில்லை. முறுக்குவிசைதான் எகிறியிருக்கிறது. இழுக்கும் வேலைக்கு அதுதான் முக்கியம். நின்ற இடத்திலிருந்து கிளம்பவும், மலை ஏறவும், சக்கரத்தைத் திருப்பும் பலம்தான் கைகொடுக்கும்.

அந்தப் பலம் எப்போது கிடைக்கிறது என்பதும் ஒரு விஷயம். பழைய எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுழலும்போதுதான் முழு முறுக்குவிசையைத் தந்தது. புதியது 2,400 சுற்றிலேயே தருகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு முழுச் சுமையோடு ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி கத்திக்கொண்டே ஏறும். இன்னொன்று அமைதியாக ஏறும். உள்ளே இருப்பவருக்கு அதுவும் ஒரு சொகுசுதான்.

இதைச் செய்வது டர்போ. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கி அனுப்புகிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூடுதலாக எரியும், சக்தி கூடும். தேவையில்லாதபோது அது சின்ன எஞ்சினாகவே இருக்கும். பழைய ஆறு கியருக்குப் பதிலாகப் பத்து கியர் வந்ததும் உதவுகிறது.

ஹைப்ரிட் வடிவில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஒரு மின்சார மோட்டார். அதற்கான பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். எரிபொருள் சேமிப்பைவிட, டர்போ வேகம் பிடிப்பதற்கு முன் வரும் அந்தச் சின்னத் தயக்கத்தை நிரப்புவதுதான் அதன் முதல் வேலை.

எரிபொருள்? அமெரிக்க அரசாங்கத்தின் அதிகாரபூர்வக் கணக்குப்படி, இருசக்கர இயக்க வகையில் பழைய வி-8 ஒரு கேலனுக்குச் சராசரியாக 15 மைல் ஓடியது. புதிய வி-6 20 மைல், ஹைப்ரிட் 22 மைல். நம் கணக்கில் சொன்னால், 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15.7 லிட்டரிலிருந்து 11.8 லிட்டர், 10.7 லிட்டர். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் நம் ஊர்ச் சின்னக் காரோடு ஒப்பிட்டால், தாகம் அதிகமுள்ள வண்டிதான்!

சரி, அந்த உறுமல்? வி-6இல் அது இல்லை. அதனால் எஞ்சின் சத்தத்தை ஒலிபெருக்கி வழியாக உள்ளே கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார்கள். தேவையில்லாத இரைச்சலை அதே ஒலிபெருக்கி வழியாகக் குறைக்கிறார்கள். ஒரு பக்கம் சத்தத்தை அடக்குவது, இன்னொரு பக்கம் சேர்ப்பது. வேடிக்கைதான்.

உள்ளே என்னென்ன இருக்கு?

இந்தப் பகுதி கடை விளம்பரத்திலேயே கிடைக்கும். சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்:

- 14 அங்குலத் தொடுதிரை (மலிவு ரகங்களில் 8 அங்குலம்)
- ரகத்தைப் பொறுத்துச் சூடும் குளிர்ச்சியும் தரும் இருக்கைகள்
- பொத்தானை அழுத்தினால் முழுவதுமாகக் கீழே இறங்கும் பின் கண்ணாடி
- இரண்டு கையிலும் சாமான் இருந்தால், பின்விளக்குப் பக்கத்தில் முழங்கையால் இடித்துத் திறக்கும் பின்கதவு
- எஃகுக்குப் பதிலாக, துருப்பிடிக்காத கலவைப் பொருளால் ஆன சரக்குத் தட்டு
- டிரெய்லரோடு பின்னால் நேராகச் செல்ல உதவும் தொழில்நுட்பம்

விளம்பரத்தில் பெரிதாக வராத ஒன்று, கேபினைத் தாங்கும் மவுண்டுகள். பிக்கப் வண்டியில் ஆள் உட்காரும் கேபின் தனி, கீழே உள்ள சேஸி தனி. இரண்டுக்கும் இடையே ரப்பர் மவுண்டுகள் இருக்கும். டண்ட்ராவில் சில இடங்களில் உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டுகளை வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கைத் தாண்டி வரும் அதிர்வை அது கடைசியாக ஒருமுறை வடிகட்டும்.

130 டன்னை இழுத்த வண்டியா?

2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு காட்சி. ஓய்வுபெற்ற 'எண்டெவர்' விண்வெளி ஓடத்தை விமான நிலையத்திலிருந்து அறிவியல் நிலையத்துக்குச் சாலை வழியாகக் கொண்டுபோனார்கள். நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள ஒரு பாலத்தில் எடைப் பிரச்சினை. அந்த இடத்தில் மட்டும் எடை குறைவான தள்ளுவண்டிக்கு மாற்றி, ஒரு டண்ட்ராவைக் கட்டி இழுத்தார்கள். மொத்த எடை 130 டன்னுக்கும் மேல்.

அது முந்தைய தலைமுறை டண்ட்ரா. அதன் அதிகாரபூர்வ இழுவைத் திறன் ஐந்து டன்கூட இல்லை. அப்படியானால் எப்படி?

சமமான சாலை, ஆள் நடக்கும் வேகம், எடை முழுவதும் வேறு சக்கரங்களின் மேல். இழுக்க மட்டும் செய்தால் போதும். மலை ஏற வேண்டாம், திடீரென்று பிரேக் போட வேண்டாம், மணிக்கு 90 கிலோமீட்டரில் வளைய வேண்டாம்.

நிஜ இழுவைத் திறன் வேறு மாதிரி அளக்கப்படுகிறது. அமெரிக்காவில் அதற்கென ஒரு பொதுத் தரமுறை உண்டு. அதில் ஒரு சோதனை, அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணைக்குப் பக்கத்து ஏற்றம். சுமார் 18 கிலோமீட்டர். குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வெயில். குளிர்சாதனம் முழு அளவில் ஓட வேண்டும். முழுச் சுமையோடு ஏறும்போது வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது. முழு அளவு பிக்கப் வண்டிகளில் இந்தத் தரமுறையை முதலில் ஏற்றுக்கொண்டது டண்ட்ராதான்.

புதிய டண்ட்ராவின் உச்ச இழுவைத் திறன் 12,000 பவுண்டு, சுமார் 5,440 கிலோகிராம். தட்டிலும் கேபினிலும் ஏற்றக்கூடிய உச்ச எடை 1,940 பவுண்டு, சுமார் 880 கிலோகிராம்.

ஒரு நிமிடம். 880 கிலோவா? நம் ஹைலக்ஸ் வகை வண்டிகளை 'ஒரு டன் பிக்கப்' என்றுதானே சொல்கிறோம்? ஆமாம். உருவத்தில் பெரிய வண்டி, சுமப்பதில் சின்ன வண்டியைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. மென்மையான பயணத்துக்கும் பெரிய கேபினுக்கும் கொடுத்த விலையில் இதுவும் ஒரு பகுதி.

கதவோரத்து ஒட்டுவில்லையைப் படிங்க

விளம்பரத்தில் வரும் எண், ஏதோ ஒரு ரகத்துக்கு மட்டுமே பொருந்தும் உச்ச எண். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், மின்சார இருக்கை, ஹைப்ரிட் பேட்டரி... ஒவ்வொரு வசதிக்கும் எடை உண்டு. வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை ஏறத்தாழ மாறாது. எனவே வசதி கூடக் கூட, நீங்கள் ஏற்றக்கூடியது குறையும். சொகுசு ரகங்களின் சுமைத் திறன் சாதாரண ரகங்களைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான்.

உங்கள் கையில் இருக்கும் வண்டிக்கான உண்மையான எண், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுவில்லையில் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒட்டுவில்லையில் 650 கிலோகிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

- ஆளுக்கு 75 கிலோ, ஐந்து பேர்: 375 கிலோ
- மீதி: 275 கிலோ
- 3,000 கிலோ டிரெய்லர் ஒன்றை மாட்டுகிறீர்கள். அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வண்டியின் கொக்கி மேல் அமரும். குறைந்தபட்சம் 300 கிலோ
- முடிவு: 25 கிலோ அதிகம்

தட்டில் இன்னும் ஒரு பெட்டிகூட வைக்கவில்லை. விளம்பரம் ஐந்து டன்னுக்கு மேல் இழுக்கலாம் என்கிறது. குடும்பத்தோடு போனால், மூன்று டன்னிலேயே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். காற்று சஸ்பென்ஷன் வண்டியை மட்டமாக நிறுத்தியிருக்கும், எஞ்சினும் சத்தமில்லாமல் இழுக்கும். அதனால் அளவு மீறியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பழைய குலுங்கும் வண்டி குறைந்தபட்சம் முனகியாவது காட்டிக்கொடுத்திருக்கும்!

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?

இல்லை. 2024 மே மாதம் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 102,000 வாகனங்களை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. 2022, 2023 மாடல் டண்ட்ராவும், அதே எஞ்சினைக் கொண்ட லெக்சஸ் எல்எக்ஸ் வண்டியும் அதில் அடங்கும். தயாரிப்பின்போது எஞ்சினுக்குள் உலோகத் துணுக்குகள் தங்கிவிட்டிருக்கலாம் என்பதே காரணம். எஞ்சின் தட்டும் சத்தம் கேட்கலாம், கிளம்பாமல் போகலாம், ஓடும்போதே சக்தி இழக்கலாம். பாதிக்கப்பட்ட வண்டிகளுக்கு எஞ்சினையே மாற்றித் தர நிறுவனம் பின்னர் முடிவு செய்தது.

டொயோட்டாவின் பெயரே 'கெடாத வண்டி' என்பதில்தான் நிற்கிறது. பல ஆண்டுகள் ஓடித் தேறிய பழைய எஞ்சினை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறும்போது, வடிவமைப்பு மட்டும் சரியாக இருந்தால் போதாது, தொழிற்சாலையும் சரியாக இருக்க வேண்டும். புதிய மாடல் வந்த முதல் ஆண்டே வாங்காமல் கொஞ்சம் பொறுத்திருப்போம் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

வெளியே நிற்பவருக்கு?

சொகுசு என்று பேசும்போது உள்ளே இருப்பவரை மட்டுமே நினைக்கிறோம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முன்மூடியின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டரைத் தாண்டும் வாகனங்கள் பாதசாரியை மோதினால், தாழ்வான வாகனங்களைவிட உயிரிழப்புக்கான சாத்தியம் சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று அது கண்டறிந்தது. பெரிய பிக்கப் வண்டிகள் அந்த உயர வகையைச் சேர்ந்தவை. கேமராவும் தானியங்கி பிரேக்கும் உதவும். உயரத்தை அவை குறைக்காது.

நம்ம பக்கம் வருமா?

ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டது. இடப்பக்க ஸ்டியரிங்கோடு வரும் டண்ட்ராவை மெல்பர்னில் வலப்பக்கத்துக்கு மாற்றி, 2024 நவம்பரில் விற்பனையைத் தொடங்கினார்கள். அங்கே நீளமான சாலை, அகலமான இடம். நம் அடுக்குமாடிக் கார்ப்பேட்டை அப்படியில்லை.

ஆனால் யோசனை ஏற்கெனவே நம்மிடம் வந்துவிட்டது. மலேசியாவில் விற்பனையான நிசான் நவாராவின் நான்கு கதவு வகையில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங். ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரிலும் அப்படியே. ஹைலக்ஸ் இன்னும் பட்டை ஸ்பிரிங்கைத்தான் நம்பியிருக்கிறது. நாள்தோறும் முழுச் சுமை ஏற்றும் விவசாயிக்கும் குத்தகையாளருக்கும் அது சரியான தேர்வாகவே இருக்கலாம்.

பிக்கப் வாங்கும் யோசனை இருந்தால், கடைக்குப் போகும்போது மூன்றைக் கேளுங்கள்:

1. தட்டு காலியாக எத்தனை நாள் ஓடும், முழுச் சுமையோடு எத்தனை நாள் ஓடும்?
2. நீங்கள் பார்க்கும் அதே ரகத்தின் சுமைத் திறன் எவ்வளவு? விளம்பரத்தில் உள்ள ரகத்துடையது வேண்டாம்.
3. பின்சீட்டில் யார் உட்காரப்போகிறார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் 'அம்மாவும் பாட்டியும்' என்றால், முடிவெடுக்கும் முன் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பவருக்குக் குழி தெரியாது. பின்சீட்டில் இருப்பவருக்குத் தெரியும்.